கோவையில் கோப்பை... கோலாலம்பூரில் கீழிறக்கம்! - ஐ-லீக் இரண்டாம் இடத்துக்குப் போன கதை

மாலை ஐந்து மணியைத் தாண்டிவிட்டால் கேளம்பாக்கத்தில் விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பிக்கும். தெரு விளக்குகளைச் சொல்லவில்லை. ஓ.எம்.ஆரிலும் வண்டலூர் சாலையிலும் கடந்த சில வருடங்களில் முளைத்திருக்கும் 'டர்ஃப்' மைதானங்களின் விளக்குகள். பச்சைப் புல் விரிப்பு, சுற்றிலும் வலை, மணிக்கணக்கில் வாடகை. ஐ.டி கம்பெனி ஊழியர்கள், கல்லூரி மாணவர்கள், பள்ளிப் பையன்கள் எனத் தலைக்கு இவ்வளவு என்று பங்கு போட்டு ஆடுகிறார்கள். முதுகில் மெஸ்ஸி, ரொனால்டோ, எம்பாப்பே.

என் சித்தி மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். அவனும் இந்தக் கூட்டத்தில் ஒருவன். போன மாதம் அவனை அழைத்துவரப் போயிருந்தேன். வியர்வையோடு ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்தவன் ஒரு கேள்வி கேட்டான். "அக்கா, நம்ம ஊர்ல ஒரு டீம் ஆரம்பிச்சு, ஜெயிச்சுக்கிட்டே போனா ஐ.எஸ்.எல்-க்குப் போக முடியுமா?"

'முடியும்' என்று சட்டெனச் சொல்ல வாய் வரவில்லை. 'முடியாது' என்றும் சொல்ல முடியாது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், அது இந்தியாவின் இரண்டாம் அடுக்குக் கால்பந்து லீகின் முழுக் கதைக்குள் கொண்டுபோய் விடுகிறது. அந்தக் கதையின் நடுவில் ஒரு தமிழ்நாட்டு அணி இருக்கிறது. நம்மில் பலர் மறந்துபோன அணி!

2019 மார்ச் 9, கோவை

அன்று கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி எஃப்.சி-க்கு சீசனின் கடைசி ஆட்டம். எதிரணி, முந்தைய ஆண்டு சாம்பியன் மினர்வா பஞ்சாப். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளா அணியோடு மோதிக்கொண்டிருந்தது. சென்னை சிட்டி வென்றால் கோப்பை அவர்களுக்கு. சறுக்கி, அங்கே ஈஸ்ட் பெங்கால் ஜெயித்துவிட்டால் கோப்பை கொல்கத்தாவுக்கு.

ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை 0-1. கேலரியில் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆச்சர்யம். கோல் போடுவது தன் வேலையே இல்லாத தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா, ஒன்றல்ல, இரண்டு கோல் அடித்தார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று ஜெயித்தது. ஆனாலும் பலனில்லை. சென்னை சிட்டி 43 புள்ளிகள், ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஐ-லீக் கோப்பை முதன்முறையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது.

2016-17 சீசனில்தான் அந்த அணி ஐ-லீகுக்குள் நுழைந்தது. மூன்றாவது சீசனிலேயே சாம்பியன்! சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ, எஸ்லாவா என்று வெளிநாட்டு வீரர்கள் ஒரு பக்கம். எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரோமாரியோ ஜேசுராஜ், ரெஜின் என்று நம்மூர்ப் பையன்கள் இன்னொரு பக்கம். மான்சி மட்டும் அந்த சீசனில் 21 கோல்கள். சுவிட்சர்லாந்தின் பெரிய கிளப்பான எஃப்.சி பாசல் தேடி வந்து சென்னை சிட்டியின் 26 சதவிகிதப் பங்குகளை வாங்கியதும் அந்தச் சமயத்தில்தான்.

அடுத்த மாதம் புவனேஸ்வரில் சூப்பர் கப். அதில் ஐ-லீக் சாம்பியன் சென்னை சிட்டியும், புத்தம்புது ஐ.எஸ்.எல் சாம்பியன் பெங்களூரு எஃப்.சி-யும் நேருக்கு நேர் மோதின. 2-1 என்று சென்னை சிட்டி வென்றது. ஐ.எஸ்.எல்-தான் பெரிது, ஐ-லீக் சின்னது என்று பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு மைதானத்திலேயே ஒரு பதில் கிடைத்தது.

அது தமிழ்நாட்டுக் கால்பந்துக்கே நல்ல காலம். மே மாதம் மதுரையின் சேது எஃப்.சி, பெண்களுக்கான தேசிய லீகையும் வென்றது.

அதே ஆண்டு அக்டோபரில் கோலாலம்பூரில் ஒரு கூட்டம் நடந்தது. ஆசியக் கால்பந்து கூட்டமைப்பும் இந்தியக் கால்பந்து சம்மேளனமும் கிளப்களும் உட்கார்ந்து பேசின. முடிவில் ஒரு செயல்திட்டம் உருவானது. இனி நாட்டின் முதல் லீக் ஐ.எஸ்.எல். ஐ-லீக் அதற்கு அடுத்த இடத்துக்கு நகரும். ஆசிய சாம்பியன்ஸ் லீகுக்குப் போகும் வாய்ப்பு இனி ஐ.எஸ்.எல் அணிக்கே.

வென்ற கோப்பை அலமாரியில் அப்படியே இருந்தது. அதன் மதிப்பு மட்டும் ஏழே மாதத்தில் ஒரு படி இறங்கிவிட்டது!

ஆரம்பத்தில் ஒரே ஏணிதான்

இது எப்படி நடந்தது என்று புரிய, கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

இந்தியாவில் கால்பந்து பழசு. டூரண்ட் கோப்பை தொடங்கியது 1888-ல். மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் டிராபி 1941-ல். ஆனால், நாடு முழுக்க உள்ள கிளப்கள் ஒரே லீகில் ஆடும் ஏற்பாடு 1996 வரை இல்லை. கொல்கத்தாவுக்கு ஒரு லீக், கோவாவுக்கு ஒரு லீக், சென்னைக்கு ஒரு லீக் என்று அவரவர் ஊரில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

1996 இறுதியில் தேசியக் கால்பந்து லீக் பிறந்தது. முதல் சாம்பியன் பஞ்சாபின் ஜே.சி.டி மில்ஸ். அந்த அணிக்காக ஆடிய பாய்ச்சுங் பூட்டியாதான் அதிக கோல் அடித்தவர். அடுத்த சீசனில் அந்தப் பெருமை ஒரு தமிழருக்குக் கிடைத்தது. எஃப்.சி கொச்சின் அணிக்காக ஆடிய ராமன் விஜயன், 10 கோல்களோடு முதலிடம். சென்னையிலிருந்து இந்தியன் வங்கி அணியும் இந்த லீகில் ஆடியது. வங்கி, ரயில்வே, சுங்கத்துறை, வருமான வரித்துறை என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கிக்கொண்டு கால்பந்து ஆடியவர்களின் காலம் அது. வீட்டில் பெரியவர்களைக் கேட்டால், 'பால் ஆடியே பேங்க் வேலை வாங்கினவர்' என்று யாராவது ஒருவரைச் சொல்வார்கள்.

லீக் தொடங்கிய மறு வருடமே, அதாவது 1997-98-ல், இரண்டாம் டிவிஷனும் வந்துவிட்டது. கணக்கு எளிமையானது. கீழே ஜெயித்தால் மேலே போகலாம், மேலே தோற்றால் கீழே இறங்க வேண்டும். உலகம் முழுக்கப் பெரும்பாலான கால்பந்து நாடுகளில் உள்ள முறை இது. இங்கிலாந்தில் லூட்டன் டவுன் என்ற சின்ன ஊர் அணி 2014 வரை ஐந்தாம் அடுக்கில் ஆடிக்கொண்டிருந்தது. படிப்படியாக ஏறி 2023-ல் பிரீமியர் லீகுக்கே போய்ச் சேர்ந்தது. அந்த ஏணிதான் கால்பந்தின் உயிர்.

மலையிலிருந்து வந்த சாம்பியன்

2007-ல் தேசிய லீக், ஐ-லீக் ஆனது. பத்து அணிகள். முதல் சாம்பியன் கோவாவின் டெம்போ. 2008-ல் ஐ-லீக் இரண்டாம் டிவிஷன் தொடங்கியது. அதன் முதல் சாம்பியன் மும்பை எஃப்.சி. அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் எங்கோ ஒரு மூலையிலிருந்து புதிதாக ஒரு பெயர் மேலே வரும். சிக்கிமிலிருந்து யுனைடெட் சிக்கிம், மேகாலயாவிலிருந்து ராயல் வாஹிங்டோ, மணிப்பூரிலிருந்து நெரோகா. 2017-18-ல் ரியல் காஷ்மீர் அணி இரண்டாம் டிவிஷனை வென்று, மறு சீசனிலேயே ஐ-லீகில் மூன்றாம் இடம் பிடித்தது. ஐ.எஸ்.எல் கிளப்களும் தங்கள் இளைஞர் அணிகளை இங்கே அனுப்பின. சென்னையின் எஃப்.சி-யின் 'பி' அணியும் அப்படி இரண்டாம் டிவிஷனில் ஆடியதுதான்.

இந்த ஏணியின் அற்புதம் என்ன என்று கேட்டால் ஐஸ்வால் கதையைச் சொல்லலாம். மிசோரம் தலைநகரின் அணி. 2015-ல் இரண்டாம் டிவிஷனை வென்று மேலே வந்தார்கள். வந்த வேகத்தில் அடுத்த சீசனிலேயே கீழே இறங்க வேண்டிய நிலை. அந்த நேரம் பார்த்து கோவாவின் டெம்போ, சால்கோகர், ஸ்போர்ட்டிங் கிளப் மூன்றும், 'ஐ.எஸ்.எல்-லை மேலே வைத்து எங்களைக் கீழே தள்ளப் பார்க்கிறீர்கள்' என்று எதிர்த்து, லீகை விட்டே வெளியேறின. காலியான இடத்தில் ஐஸ்வாலுக்கு மறுவாய்ப்பு கிடைத்தது. காலித் ஜமீல் பயிற்சியாளரானார். 2017 ஏப்ரல் 30 அன்று மோகன் பகானை ஒரு புள்ளியில் முந்தி ஐஸ்வால் ஐ-லீக் சாம்பியன்! அதே காலித் ஜமீல்தான் 2025 ஆகஸ்டில் இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டவர்.

பக்கத்தில் வந்த லிஃப்ட்

ஏணி இப்படி நன்றாகத்தானே இருந்தது, பிறகு என்ன ஆயிற்று? காசுதான் பிரச்னை.

டிக்கெட் வருமானம் குறைவு. டி.வி வருமானம் கிட்டத்தட்ட இல்லை. விமானச் செலவு, ஹோட்டல் செலவு, சம்பளம் எல்லாம் உரிமையாளர் பாக்கெட்டிலிருந்து. 2010-ல் மும்பையின் மஹிந்திரா யுனைடெட் கால்பந்தை விட்டு விலகியது. 2011-ல், முதல் சாம்பியன் ஜே.சி.டி-யே அணியைக் கலைத்துவிட்டது.

இந்த நிலையில்தான் 2010 டிசம்பரில் கால்பந்து சம்மேளனம், ஐ.எம்.ஜி - ரிலையன்ஸ் நிறுவனத்தோடு 15 வருடங்களுக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டது. அதன் பலனாக 2014-ல் வந்தது ஐ.எஸ்.எல். எட்டு அணிகள், சினிமா நட்சத்திரங்கள், கிரிக்கெட் நட்சத்திரங்கள், உலகப் புகழ் பெற்ற வீரர்கள். சென்னையின் எஃப்.சி இரண்டு முறை கோப்பை வென்று நம்மையும் கத்த வைத்தது. கால்பந்தை வீட்டு ஹாலுக்குக் கொண்டுவந்ததில் ஐ.எஸ்.எல்-லின் பங்கை மறுக்கவே முடியாது.

ஆனால், இது ஏணி இல்லை, லிஃப்ட். கட்டணம் கட்டியவர்கள் ஏறலாம். கீழே இருப்பவர் எத்தனை முறை ஜெயித்தாலும் கதவு திறக்காது. 2017-ல் பெங்களூரு எஃப்.சி ஐ-லீகிலிருந்து ஐ.எஸ்.எல்-லுக்குப் போனது. 2020-ல் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் போயின. பெரிய ரசிகர் கூட்டம் அத்தனையும் அவர்களோடு போய்விட்டது.

இதில் அதிகம் அடிபட்டது பக்கத்து வீட்டுக்காரர்கள். கோகுலம் கேரளா 2020-21-ல் ஐ-லீக் சாம்பியன். மறு வருடமும் அவர்களே. ஐ-லீகைத் தொடர்ந்து இரண்டு முறை வென்ற முதல் அணி. பரிசு? அடுத்த வருடமும் அதே ஐ-லீக். ஏனென்றால், 'சாம்பியன் அணி கட்டணம் இல்லாமல் ஐ.எஸ்.எல்-லுக்குப் போகலாம்' என்ற விதி 2022-23 சீசனிலிருந்துதான் அமலுக்கு வந்தது. அந்த சீசனில் வென்ற பஞ்சாப் அணி மேலே போனது. அதற்கடுத்த வருடம் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங். கோகுலம் இரண்டு முறை ஓடி ஓடிப் போய்ச் சேர்ந்த ஸ்டேஷனுக்கு, ரயில் அதன் பிறகுதான் வந்தது.

2024-25 சீசனில் இன்னொரு கூத்து. ஏப்ரலில் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸை சாம்பியன் என்று அறிவித்தார்கள். இன்டர் காசி அணி வழக்கு போட்டது. சுவிட்சர்லாந்தில் உள்ள சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் ஜூலையில் இன்டர் காசிதான் சாம்பியன் என்று தீர்ப்பு சொன்னது. யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்துகொள்ள மூன்று மாதம் காத்திருந்த ரசிகர்கள் பாவம்!

நம்ம டீம் எங்கே?

சென்னை சிட்டிக்கு என்ன ஆயிற்று?

2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீகின் ஆரம்பச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1 என்று தோற்றார்கள். மார்ச்சில் கொரோனா வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. 2020-21 சீசன் முழுவதும் மேற்கு வங்கத்தில், ரசிகர்கள் இல்லாத மைதானங்களில் நடந்தது. அதுதான் கடைசி. 2021-22 ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டியின் பெயர் இல்லை. சாம்பியன் ஆகி மூன்றே சீசனில் லீகிலேயே இல்லை!

2024-25 ஐ-லீகில் பன்னிரண்டு அணிகள் ஆடின. மிசோரமிலிருந்து உண்டு, காஷ்மீரிலிருந்து உண்டு, கேரளாவிலிருந்து உண்டு, பெங்களூரிலிருந்து உண்டு. தமிழ்நாட்டிலிருந்து ஒன்றுகூட இல்லை.

இதனால் யாருக்கு நஷ்டம்? ஒரு உதாரணம் பாருங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் இரவிபுத்தன்துறை ஒரு மீனவக் கிராமம். அங்கிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டிக்காக ஐ-லீகில் ஆடினார். அங்கே ஆடியதைப் பார்த்து ஐ.எஸ்.எல் அணி அழைத்தது. 2019-ல் இந்திய அணிக்காகவும் ஆடினார். சென்னைப் பையன் நந்தகுமார் சேகரும் சென்னை சிட்டியில் ஆடியவர்தான். பின்னாளில் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய், 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த வெற்றி கோலைக் கொல்கத்தா இன்னும் மறக்கவில்லை. எட்வின், ரோமாரியோ என்று பட்டியல் நீள்கிறது.

ஐ.எஸ்.எல் அணி ஒரு பத்தொன்பது வயதுப் பையனைப் பெரும்பாலும் நேராகக் களத்தில் இறக்காது. அவன் எங்கேயாவது முழு சீசன் ஆடி, அடிபட்டு, தோற்று, தேற வேண்டும். அதற்கான இடம்தான் இரண்டாம் அடுக்கு. நம் மாநிலத்தில் அந்த நடுப்படி இப்போது இல்லை. கீழே சென்னை லீக் இருக்கிறது, மாவட்ட லீக்குகள் இருக்கின்றன. உச்சியில் ஐ.எஸ்.எல் இருக்கிறது. நடுவில் வெற்றிடம்.

ஏணி முழுசாக உடைந்துவிட்டதா?

இல்லை. அதற்கும் ஒரு ஊர் சாட்சி. கொல்கத்தாவுக்குத் தெற்கே, ஹூக்ளி நதிக்கரையில் டைமண்ட் ஹார்பர். சென்னைக்குத் தெற்கே நம் கேளம்பாக்கம் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022-ல் அந்த ஊர்ப் பெயரில் ஒரு கிளப் தொடங்கப்பட்டது. 2024-ல் ஐ-லீக் 3-ஐ வென்றார்கள். 2025-ல் ஐ-லீக் 2-ஐ வென்றார்கள். ஐ-லீக் தகுதி கிடைத்தது. அதே ஆண்டு டூரண்ட் கோப்பை இறுதிப்போட்டி வரை போனார்கள். பின்னணியில் செல்வாக்கும் பணமும் இருந்தன என்பதும் உண்மை. ஆனால், ஏறுவதற்குப் படிகள் இருந்ததால்தான் ஏற முடிந்தது.

2024-25 சீசனில் ஏணியின் கணக்கு இதுதான். மாநில லீகில் நன்றாக ஆடும் கிளப்பை மாநிலச் சங்கம் ஐ-லீக் 3-க்குப் பரிந்துரைக்கும். அங்கிருந்து ஐ-லீக் 2, பிறகு ஐ-லீக், பிறகு ஐ.எஸ்.எல். ஒவ்வொரு படியிலும் வெற்றியோடு உரிமமும் தேவை. சொந்த மைதானம், தகுதி பெற்ற பயிற்சியாளர், இளைஞர் அணிகள், கணக்கு வழக்கு என எல்லாம் சரியாக இருக்க வேண்டும்.

மேல்படியில் மட்டும் ஒரு குறை. 2024-25 வரை, ஐ.எஸ்.எல்-லுக்குள் ஏறலாம், அங்கிருந்து யாரும் இறங்கியதில்லை. 2024-25-ல் கடைசி இடம் பிடித்த அணிக்கும் கீழிறக்கம் இல்லை. போதாக்குறைக்கு, பழைய 15 வருட ஒப்பந்தம் முடியும் தறுவாயில், 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல்-லின் அடுத்த சீசனே நிறுத்தி வைக்கப்பட்டது. லிஃப்ட்டும் நடுவில் நின்று போகும் என்று எல்லோருக்கும் அப்போதுதான் உறைத்தது. மேலே வெளிச்சம் அணைந்தால், கீழே மைதானமும் ஆட்களும் இருந்தால்தான் ஆட்டம் தொடரும். இரண்டாம் அடுக்கை வெறும் 'இரண்டாம் தரம்' என்று நினைத்ததன் விலை அது.

தம்பிக்கு என் பதில்

ஒரு வாரம் கழித்து மறுபடியும் அவனை அழைத்துவரப் போனேன். கோவளம் சாலையில் உப்பளங்களைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தி, சுண்டல் வாங்கிக் கொடுத்து, இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். சென்னை சிட்டி என்ற பெயரை அவன் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டான். மெஸ்ஸி எந்த வருடம் எத்தனை கோல் என்று மனப்பாடமாகச் சொல்கிறவன்! பார்சலோனாவின் பெஞ்ச்சில் உட்காருகிறவர்கள் வரை தெரிந்த பிள்ளைகளுக்கு, கோவையில் வென்ற கோப்பையைப் பற்றி நாம் யாரும் சொல்லவில்லை. அது அவன் தப்பில்லை.

"போக முடியும். ஆனா நாலு படி இருக்கு. முதல் படி சென்னை லீக்" என்றேன்.

"அது எங்க நடக்குது?"

"மெட்ராஸ்லதான். பார்க்கலாமா?"

அடுத்து மேட்ச் எப்போது என்று தேடிக்கொண்டிருக்கிறோம். கேளம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பரவாயில்லை. சீசன் தொடங்கினால் நீங்களும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு ஒரு ஆட்டம் போய்ப் பாருங்கள். கேலரியில் நிச்சயம் இடம் இருக்கும். அடுத்த சூசைராஜ் அங்கேதான் எங்காவது ஓடிக்கொண்டிருப்பான்.